டிராக் பந்தயத்திற்கான முறுக்குவிசை மாற்றி மேம்பாடு

டிராக் பந்தயத்திற்கான முறுக்குவிசை மாற்றி மேம்பாடு என்பது, தானியங்கிப் பற்சக்கரப் பெட்டி கொண்ட தானுந்து ஒன்றில் தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட முறுக்குவிசை மாற்றியை நீக்கி, அத்தானுந்தின் பொறிக்கும் எடைக்கும் பந்தயத் தேவைக்கும் ஏற்ற வேறொரு மாற்றியைப் பொருத்துவதாகும். பட்டறை வழக்கில் இவ்வுறுப்பு டார்க் கன்வர்ட்டர் என்றே அழைக்கப்படுகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் தானியங்கிப் பெட்டியுடன் டிராக் பந்தயங்களில் ஓடும் தானுந்துகளில் மேற்கொள்ளப்படும் முதன்மையான மாற்றங்களுள் இதுவும் ஒன்று.

இம்மேம்பாட்டினால் பொறியின் திறன் கூடுவதில்லை. ஏற்கனவே உள்ள திறனை, தானுந்து நின்ற நிலையிலிருந்து புறப்படும் கணத்திலேயே பயன்படுத்த முடிகின்றது என்பதே இதன் பயன். எண் உயர உயர மாற்றி சிறந்தது என்ற கருத்து பரவலாகக் காணப்பட்டாலும் அது சரியன்று. பொறியுடன் பொருந்தாத மாற்றி பந்தய நேரத்தைக் கூட்டுவதுடன், பற்சக்கரப் பெட்டியையும் எரித்துவிடக் கூடும்.

இக்கட்டுரையில் சுழற்சி வேகங்கள் அனைத்தும் ஒரு நிமிடத்திற்கான சுற்றுகளில் தரப்பட்டுள்ளன.

வரலாறு

பாய்மத்தின் வழியாக முறுக்குவிசையைக் கடத்தும் முறையைச் செருமானியப் பொறியியலாளர் எர்மன் ஃபோட்டிங்கர் உருவாக்கினார். இசுடெட்டின் நகரிலிருந்த வுல்கான் கப்பல் கட்டும் தளத்தில் பணியாற்றிய அவர், 1905 ஆம் ஆண்டில் இதற்கான காப்புரிமையைப் பெற்றார். வேகமாகச் சுழலும் நீராவிச் சுழலியை, மெதுவாகச் சுழல வேண்டிய கப்பல் உந்தியுடன் இணைப்பதே அவரது நோக்கமாக இருந்தது.

தானுந்துகளில் முதலில் பரவலானது, முறுக்குவிசையைப் பெருக்காமல் கடத்த மட்டும் செய்யும் பாய்ம இணைப்பி ஆகும். செனரல் மோட்டார்சு நிறுவனத்தின் ஐட்ரா-மேட்டிக் பெட்டி, 1940 ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்சுமொபீல் தானுந்துகளில் இவ்விணைப்பியுடன் வெளிவந்தது. முறுக்குவிசையைப் பெருக்கும் மாற்றியைக் கொண்ட பியூக் டைனாஃப்ளோ 1948 ஆம் ஆண்டிலும், செவ்ரோலெட்டின் பவர்கிளைடு 1950 ஆம் ஆண்டிலும் வந்தன. இரண்டு கியர்களை மட்டுமே கொண்ட பவர்கிளைடின் உற்பத்தி 1973 இல் நின்றுவிட்டது. எனினும் அதன் எளிமையும் குறைந்த எடையும் காரணமாக டிராக் பந்தயத்தில் அது இன்றும் பயன்படுகின்றது. 1964 இல் வந்த டர்போ ஐட்ரா-மேட்டிக் 400, 1969 இல் வந்த டர்போ ஐட்ரா-மேட்டிக் 350 ஆகியவையும் பந்தயக்காரர்கள் விரும்பும் பெட்டிகளாகும்.

டிராக் பந்தயத்தை ஒழுங்குபடுத்தும் நேசனல் ஆட் ராட் அசோசியேசன் 1951 இல் வாலி பார்க்சு என்பவரால் தொடங்கப்பட்டது. அதன் முதல் அதிகாரபூர்வப் போட்டி 1953 இல் கலிபோர்னியாவிலுள்ள பொமோனா நகரில் நடைபெற்றது. இப்பந்தயத்தின் மரபான தொலைவு கால் மைல், அதாவது ஏறத்தாழ 402 மீட்டர் ஆகும். அரைக்கால் மைல் தொலைவிலும் போட்டிகள் நடைபெறுகின்றன.

அமைப்பும் செயற்பாடும்

முறுக்குவிசை மாற்றி, எண்ணெய் நிரப்பப்பட்ட, மூடப்பட்ட உருண்டை வடிவக் கூடு ஆகும். இது பொறிக்கும் பற்சக்கரப் பெட்டிக்கும் இடையில் அமைந்துள்ளது. இதனுள் மூன்று முதன்மை உறுப்புகள் உள்ளன.

எக்கி: கூட்டுடன் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டது. நெகிழ்தட்டு எனப்படும் மெல்லிய எஃகுத் தட்டின் வழியாகக் கிராங்குத் தண்டுடன் இணைந்திருப்பதால், பொறி சுழலும் வேகத்திலேயே இதுவும் சுழலும். இதன் சிறகுகள் எண்ணெயை மையத்திலிருந்து விளிம்பை நோக்கி வீசுகின்றன.

சுழலி: எக்கிக்கு எதிரே அமைந்தது. வீசப்படும் எண்ணெய் இதன் சிறகுகளைத் தள்ளுவதால் இது சுழன்று, பற்சக்கரப் பெட்டியின் உள்ளீட்டுத் தண்டைச் சுழற்றுகின்றது.

நிலையி: இவ்விரண்டுக்கும் நடுவில், ஒருவழிக் கிளட்சின் மீது அமர்ந்துள்ளது. சுழலியிலிருந்து திரும்பும் எண்ணெய், எக்கியின் சுழற்சிக்கு எதிர்த்திசையில் வருகின்றது. நிலையி அவ்வோட்டத்தைத் திருப்பி, எக்கியின் சுழற்சித் திசையிலேயே செலுத்துகின்றது.

முறுக்குவிசை பெருகுவதற்கு நிலையியே காரணம். சுழலி நின்றிருக்கும்போது இப்பெருக்கம் உச்சத்தில் இருக்கும். பெரும்பாலான தானுந்துகளில் அது ஏறத்தாழ 2 மடங்கு ஆகும். சுழலியின் வேகம் எக்கியின் வேகத்தை நெருங்க நெருங்கப் பெருக்கம் குறையும். வேக விகிதம் ஏறத்தாழ 0.85 முதல் 0.9 வரை எட்டும்போது பெருக்கம் 1 ஆகிவிடும். அப்போது நிலையியின் ஒருவழிக் கிளட்ச் விடுபட்டு, நிலையியும் எண்ணெயுடன் சேர்ந்து சுழலத் தொடங்கும். இதற்குப் பிறகு மாற்றி வெறும் பாய்ம இணைப்பியாகவே இயங்குகின்றது.

இந்நிலையிலும் எக்கிக்கும் சுழலிக்கும் இடையே சிறிது வேக வேறுபாடு இருந்துகொண்டே இருக்கும். இது வழுக்கல் எனப்படும். வழுக்கலை நீக்குவதற்காகப் பல மாற்றிகளில் பூட்டுக் கிளட்ச் ஒன்று சேர்க்கப்படுகின்றது. 1949 ஆம் ஆண்டின் பக்கார்டு அல்ட்ராமேட்டிக் பெட்டியிலேயே இவ்வமைப்பு இருந்தது.

ஸ்டால் வேகம்

சுழலி சுழலாதவாறு தடுக்கப்பட்டு, முடுக்கி முழுமையாக அழுத்தப்பட்ட நிலையில் பொறி எட்டக்கூடிய மிகக் கூடிய சுழற்சி வேகம் ஸ்டால் வேகம் எனப்படும். அவ்வேகத்தில் பொறி தரும் முறுக்குவிசையும் எக்கி உள்வாங்கும் முறுக்குவிசையும் சமமாக இருக்கும். ஆகவே பொறி அதற்கு மேல் விரைவு பெற இயலாது.

எக்கி உள்வாங்கும் முறுக்குவிசை, சுழற்சி வேகத்தின் வர்க்கத்திற்கும், மாற்றியின் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கிற்கும் நேர்விகிதத்தில் இருக்கும். இவ்விதியிலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, ஸ்டால் வேகம் மாற்றிக்கு மட்டும் உரிய பண்பு அன்று. அது பொறியையும் சார்ந்தது. 350 நியூட்டன் மீட்டர் தரும் பொறியின் பின்னால் 1800 சுற்றுகளில் நிற்கும் மாற்றியை, 560 நியூட்டன் மீட்டர் தரும் பொறியின் பின்னால் பொருத்தினால், ஸ்டால் வேகம் 1.6 இன் வர்க்கமூலமாகிய 1.265 மடங்கு உயர்ந்து ஏறத்தாழ 2280 சுற்றுகள் ஆகும். எனவே மாற்றியின் பெட்டியில் அச்சிடப்பட்டுள்ள எண், எந்தப் பொறிக்கு உரியது என்று அறியாதவரை பொருளற்றது.

இரண்டாவது, விட்டத்தில் செய்யப்படும் சிறிய மாற்றமும் பெரிய விளைவைத் தருகின்றது. அதே 350 நியூட்டன் மீட்டர் பொறியுடன், வடிவில் ஒத்த, விட்டத்தில் மட்டும் வேறுபட்ட மாற்றிகளைக் கருதினால் கணிப்பு பின்வருமாறு அமையும்.

12 அங்குலம் (305 மி.மீ.): 1800 சுற்றுகள்
10 அங்குலம் (254 மி.மீ.): ஏறத்தாழ 2840 சுற்றுகள்
8 அங்குலம் (203 மி.மீ.): ஏறத்தாழ 4960 சுற்றுகள்

நடைமுறையில் சிறகுகளின் வடிவமும் நிலையியும் வேறுபடுவதால் இவ்வெண்கள் மாறக்கூடும். எனினும் சாலைத் தானுந்துகளுக்குப் பெரிய மாற்றியும், பந்தயத் தானுந்துகளுக்குச் சிறிய மாற்றியும் பயன்படுவதற்கான காரணத்தை இவை காட்டுகின்றன. சிறிய மாற்றியின் சுழல் நிலைமமும் குறைவு என்பதால் பொறி விரைவில் வேகம் பெறுகின்றது.

டிராக் பந்தயத்தில் பங்கு

புறப்பாடு

தொழிற்சாலை மாற்றி எரிபொருள் சிக்கனம், குறைந்த வெப்பம், அமைதியான ஓட்டம் ஆகியவற்றைக் கருதி வடிவமைக்கப்படுகின்றது. பந்தயத்திற்காக மாற்றியமைக்கப்பட்ட பொறியில், நீண்ட நேரம் வால்வுகளைத் திறந்து வைக்கும் கேம் தண்டு பொருத்தப்பட்டிருக்கும். அத்தகைய பொறி 1800 சுற்றுகளில் வலுவற்றதாகவும், 3000 சுற்றுகளுக்கு மேல் வலுவுள்ளதாகவும் இருக்கும். தொழிற்சாலை மாற்றியுடன் புறப்படும்போது இப்பொறி தனது வலுவற்ற பகுதியிலேயே சிக்கிக்கொள்கின்றது.

ஓர் எடுத்துக்காட்டாக, 1800 சுற்றுகளில் 400 நியூட்டன் மீட்டரும் 3200 சுற்றுகளில் 540 நியூட்டன் மீட்டரும் தரும் பொறி ஒன்றைக் கருதலாம். மாற்றியின் பெருக்கம் 2, டர்போ ஐட்ரா-மேட்டிக் 350 பெட்டியின் முதலாம் கியர் விகிதம் 2.52, பின்னச்சின் விகிதம் 3.73 எனக் கொள்வோம். இழப்புகளை நீக்கிப் பார்த்தால், பின்னச்சில் கிடைக்கும் முறுக்குவிசை முதல் நிலையில் ஏறத்தாழ 7520 நியூட்டன் மீட்டர். ஸ்டால் வேகம் 3200 சுற்றுகளாக உள்ள மாற்றியுடன் அது ஏறத்தாழ 10,150 நியூட்டன் மீட்டர். பொறியில் எவ்வித மாற்றமும் செய்யாமலேயே புறப்பாட்டு முறுக்குவிசை 35 விழுக்காடு கூடுகின்றது.

இதன் விளைவை, முதல் 60 அடி (18.3 மீட்டர்) தொலைவைக் கடக்க எடுக்கும் நேரத்தில் தெளிவாகக் காணலாம். தொடக்கத்தில் பெறப்படும் வேகம் ஓட்டம் முழுவதும் உடன் வருவதால், அங்கு சேமிக்கப்படும் நேரம் முடிவுக்கோட்டில் அதைவிடக் கூடுதலாகப் பெருகும் என்பது பந்தயக்காரர்களின் அனுபவம். ஆனால் டயர்கள் தரையைப் பற்றினால்தான் இது நிகழும். சாதாரணச் சாலை டயர்கள் இவ்வளவு முறுக்குவிசையைத் தாங்காமல் நின்ற இடத்திலேயே சுழலும். ஆதலால் டயரையும் பின்புறத் தொங்கலமைப்பையும் கவனிக்காமல் மாற்றியை மட்டும் மாற்றுவதால் பயன் குறைவு.

கியர் மாற்றம்

டர்போ ஐட்ரா-மேட்டிக் 350 பெட்டியின் இரண்டாம் கியர் விகிதம் 1.52 ஆகும். 6000 சுற்றுகளில் முதலாம் கியரிலிருந்து இரண்டாம் கியருக்கு மாறும்போது, வழுக்கல் இல்லையெனில் பொறி ஏறத்தாழ 3620 சுற்றுகளுக்கு இறங்கிவிடும். பவர்கிளைடில் முதலாம் கியர் விகிதம் 1.76 எனில், 7000 சுற்றுகளில் மாற்றும்போது பொறி ஏறத்தாழ 3980 சுற்றுகளுக்கு வீழும். ஸ்டால் வேகம் 5000 சுற்றுகளாக உள்ள மாற்றி, பொறியை அவ்வாறு வீழவிடாமல் வலுவுள்ள பகுதியிலேயே நிறுத்தி வைக்கின்றது. இரண்டே கியர்களுடன் பவர்கிளைடு பந்தயத்தில் வெற்றிகரமாக இயங்குவதற்கு இதுவே காரணம். கியர்களுக்கு இடையிலுள்ள இடைவெளியை மாற்றியே நிரப்புகின்றது.

புறப்படும் முறைகள்

பிரேக்கைக் காலால் அழுத்திக்கொண்டு முடுக்கியை அழுத்துவது எளிய முறை. ஆனால் முழுமையான ஸ்டால் வேகத்தை எட்டுமுன்பே பின்சக்கரங்கள் பிரேக்கை வென்று சுழலத் தொடங்கிவிடும். இதற்கு மாற்றாக டிரான்சு பிரேக் எனும் அமைப்பு பயன்படுகின்றது. இது பெட்டியினுள் முதலாம் கியரையும் பின்னோக்குக் கியரையும் ஒரே நேரத்தில் இணைத்து, வெளியீட்டுத் தண்டைப் பூட்டிவிடுகின்றது. ஓட்டுநர் பொத்தானை விடுவித்தவுடன் தானுந்து பாய்கின்றது. 2018 ஆம் ஆண்டு மாதிரி டாட்சு சேலஞ்சர் எசுஆர்டி டீமன் தானுந்தில் இவ்வமைப்பு தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டது.

மேம்படுத்தும் வழிகள்

ஸ்டால் வேகத்தை மாற்றுவதற்கு விட்டத்தைக் குறைப்பது மட்டுமே வழி அன்று. எக்கியின் சிறகு முனைகளைச் சுழற்சித் திசைக்கு எதிராகச் சாய்த்தால் அது உள்வாங்கும் முறுக்குவிசை குறைந்து, ஸ்டால் வேகம் உயரும். நிலையியின் சிறகுகளின் எண்ணிக்கையையும் கோணத்தையும் மாற்றுவதன் மூலம் ஸ்டால் வேகத்துடன் பெருக்கத்தையும் மாற்றலாம். 1965 முதல் 1967 வரையிலான சில பியூக், ஓல்ட்சுமொபீல், காடிலாக் தானுந்துகளின் டர்போ ஐட்ரா-மேட்டிக் 400 பெட்டியில், நிலையியின் சிறகுக் கோணம் ஓட்டத்தின்போதே இரு நிலைகளுக்கு இடையே மாறும் வகையில் அமைந்திருந்தது.

பந்தய மாற்றியில் வலிமையும் கூட்டப்பட வேண்டும். உயர்ந்த சுழற்சியில் உட்புற எண்ணெய் அழுத்தம் கூட்டை உப்பச் செய்யும். உப்பிய கூடு கிராங்குத் தண்டை முன்னோக்கித் தள்ளி, அதன் உந்துதாங்கியைத் தேய்த்துவிடும். இதைத் தடுக்கப் பின்வரும் மாற்றங்கள் செய்யப்படுகின்றன.

கூட்டின் முகப்பில் உப்பலைத் தடுக்கும் தடித்த தட்டு அல்லது திண்ம எஃகிலிருந்து கடைந்த முகப்பு.
சிறகுகளை உலையில் வைத்துப் பித்தளைப் பற்றவைப்பால் உறுதிப்படுத்தல்.
தேய்வு வளையங்களுக்குப் பதிலாக ஊசி உருளைத் தாங்கிகள்.
கடினமாக்கப்பட்ட சுழலி மையமும் வலுவான ஒருவழிக் கிளட்சும்.

தெரிவு செய்தல்

மாற்றியைத் தெரிவு செய்யப் பொறியின் முறுக்குவிசை வரைபடம், தானுந்தின் எடை, பின்னச்சின் விகிதம், டயரின் விட்டம், கேம் தண்டின் விவரம், தானுந்து சாலையிலும் ஓட்டப்படுமா என்பது ஆகிய தகவல்கள் தேவை. ஒத்த பொறி கொண்ட இரு தானுந்துகளில் எடை கூடியது தன் மாற்றியைக் கூடுதலாக எதிர்க்கும். ஆகவே அதில் பொறி சற்றுக் கூடிய சுழற்சியை எட்டும்.

ஸ்டால் வேகத்தைப் பொறியின் உச்ச முறுக்குவிசைப் பகுதிக்கு அருகில் அமைப்பது பொதுவான வழிகாட்டல் ஆகும். அதற்கு மேல் உயர்த்தினால் புறப்பாட்டில் கிடைக்கும் முறுக்குவிசை குறையத் தொடங்கும். அத்துடன் முடிவுக்கோட்டில் வழுக்கலும் கூடும்.

முடிவுக்கோட்டு வழுக்கலை எளிதில் கணக்கிடலாம். 28 அங்குல டயரும் 3.73 பின்னச்சு விகிதமும் கொண்ட தானுந்து, நேரடிக் கியரில் மணிக்கு 177 கி.மீ. வேகத்தில் செல்லும்போது சுழலி ஏறத்தாழ 4930 சுற்றுகளில் சுழலும். அப்போது பொறி 5300 சுற்றுகளில் இருந்தால் வழுக்கல் 7 விழுக்காடு. இது நல்ல பொருத்தம். பொறி 6000 சுற்றுகளில் இருந்தால் வழுக்கல் ஏறத்தாழ 18 விழுக்காடு. இத்தகைய மாற்றி புறப்பாட்டில் சேமித்த நேரத்தை முடிவில் வீணாக்குகின்றது.

வெப்பம்

ஸ்டால் நிலையில் தானுந்து நகர்வதில்லை. ஆகவே பொறியின் திறன் முழுவதும் எண்ணெயில் வெப்பமாகவே மாறுகின்றது. மேலே கண்ட பொறி 3200 சுற்றுகளில் 540 நியூட்டன் மீட்டர் தரும்போது அதன் திறன் ஏறத்தாழ 181 கிலோவாட்டு. மாற்றியிலுள்ள 4 கிலோகிராம் எண்ணெய் மட்டும் இவ்வெப்பத்தை ஏற்பதாகக் கொண்டால், நொடிக்கு 20 பாகை செல்சியசுக்கும் கூடுதலாக வெப்பநிலை உயரும். உலோகக் கூடு ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டாலும், ஸ்டால் நிலையில் சில நொடிகளுக்கு மேல் நிற்பது ஆபத்தானது.

மிகை வெப்பத்தில் எண்ணெய் ஆக்சிசனேற்றமடைந்து கருத்து, எரிந்த மணம் வீசும். இரப்பர் அடைப்பிகள் இறுகிவிடும். பெட்டியின் கிளட்ச் தகடுகள் வழுக்கித் தீய்ந்துவிடும். சாலையில் சீராகச் செல்லும்போதும், பொறியின் வேகம் ஸ்டால் வேகத்தைவிடக் குறைவாக இருந்தால், பூட்டுக் கிளட்ச் இல்லாத மாற்றி கூடுதலாக வழுக்கி வெப்பத்தை உண்டாக்கும். எனவே உயர் ஸ்டால் மாற்றியுடன் தனியான எண்ணெய்க் குளிர்விப்பானும் வெப்பநிலைமானியும் பொருத்தப்பட வேண்டும்.

நிறுவுதல்

மாற்றியைப் பெட்டியில் பொருத்துமுன் அதனுள் ஏறத்தாழ ஒரு லிட்டர் எண்ணெய் ஊற்றப்படுகின்றது. பிறகு அதைச் சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ள வேண்டும். டர்போ ஐட்ரா-மேட்டிக் போன்ற பெட்டிகளில் அது உள்ளீட்டுத் தண்டு, நிலையித் தாங்கி, முன் எண்ணெய் எக்கி ஆகிய மூன்றுடனும் இணைய வேண்டும்.

மாற்றி முழுமையாக அமராத நிலையில், திருகாணிகளை இறுக்கிப் பெட்டியைப் பொறியுடன் இழுத்துச் சேர்ப்பது பெருந்தவறு. அவ்வாறு செய்தால் முன் எக்கி உடைந்துவிடும். சரியாக அமர்ந்த மாற்றி, பெட்டி பொறியுடன் இறுக்கப்பட்ட பின்னரும் கையால் தடையின்றிச் சுழலும். நெகிழ்தட்டுக்கும் மாற்றிக்கும் இடையில் பொதுவாக 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை இடைவெளி இருக்கும். உற்பத்தியாளர் தரும் அளவையே இறுதியாகக் கொள்ள வேண்டும்.

பாதுகாப்பு

உயர் வேகத்தில் சுழலும் மாற்றியோ நெகிழ்தட்டோ உடைந்தால், அதன் துண்டுகள் ஓட்டுநரின் கால்களுக்கு அருகிலேயே சிதறும். 1970 மார்ச்சில் கலிபோர்னியாவின் லயன்சு பந்தயத் தடத்தில் டான் கார்லிட்சு ஓட்டிய தானுந்தின் இருவேகப் பற்சக்கரப் பெட்டி வெடித்து, அவரது வலது பாதத்தின் ஒரு பகுதி துண்டிக்கப்பட்டது. அது முறுக்குவிசை மாற்றியால் நேர்ந்தது அன்று. எனினும் சுழலும் உறுப்புகளுக்கு அருகில் ஓட்டுநர் அமர்வதன் ஆபத்தை அது உணர்த்தியது. அதன் பிறகு அவர் பொறியை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்த தானுந்தை 1971 இல் பந்தயத்தில் ஓட்டி வெற்றி கண்டார்.

வேகமான தானுந்துகளுக்கு எசுஎஃப்ஐ நிறுவனத்தின் தரங்களுக்கு இணங்கிய உறுப்புகளைப் போட்டி விதிகள் வலியுறுத்துகின்றன. நெகிழ்தட்டுக்கு 29.1, நெகிழ்தட்டுக் காப்புறைக்கு 30.1, தானியங்கிப் பெட்டியின் காப்புறைக்கு 4.1 என அத்தரங்கள் எண்ணிடப்பட்டுள்ளன.

குறைபாடுகள்

உயர் ஸ்டால் மாற்றி பொருத்தப்பட்ட தானுந்து, சாலையில் மெதுவாக முடுக்கப்படும்போது பொறியின் இரைச்சல் கூடியும் வேகம் பின்தங்கியும் காணப்படும். எரிபொருள் செலவும் கூடும். நிலையியின் ஒருவழிக் கிளட்ச் பழுதடைந்து இருபுறமும் சுழன்றால் புறப்பாடு மந்தமாகும். அது நிரந்தரமாக இறுகிவிட்டால் உயர் வேகம் குறைவதுடன் எண்ணெயும் மிகையாக வெப்பமடையும். இவ்விரு அறிகுறிகளும் பொறியின் கோளாறு எனத் தவறாகக் கருதப்படுவது உண்டு. ஆகவே பொறியைப் பிரிக்குமுன் மாற்றியைச் சோதிப்பது நல்லது.

மிக வேகமான டாப் ஃபியூயல் வகைத் தானுந்துகளில் முறுக்குவிசை மாற்றி பயன்படுவதில்லை. அவற்றில், ஓட்டத்தின்போது படிப்படியாக இறுகும் பலதகட்டு வழுக்குக் கிளட்ச் பயன்படுகின்றது. பொறி தன் வலுவுள்ள வேகத்தில் சுழலும்போது சக்கரம் மெதுவாகத் தொடங்க வேண்டும் என்ற அதே சிக்கலுக்கு அது வேறொரு தீர்வாகும்.

இவற்றையும் பார்க்கவும்

தானியங்கிப் பற்சக்கரப் பெட்டி
பாய்ம இணைப்பி
முறுக்குவிசை
உள் எரி பொறி
டிராக் பந்தயம்